பதினொரு நிமிடத் தூரம்

சென்னையிலிருந்து சங்குமுனைக்கு வான்வழியில் முந்நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம், பறக்கும் நேரம் எழுபது நிமிடம் என்று பயணச்சீட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் புறப்பட்ட விமானம் அந்த எழுபதில் ஐம்பத்தொன்பதை ஒழுங்காகப் பறந்து முடித்துவிட்டு, மீதிப் பதினொரு நிமிடத்தைப் பறக்காமல் கடலுக்கு மேலே நின்றுவிட்டது. விழவில்லை, எரியவில்லை, காணாமலும் போகவில்லை. இரண்டு பக்க விசிறிகளும் சுழன்றுகொண்டிருந்தன, எண்ணெய் அளவு காட்டும் முள் இருந்த இடத்தில் இருந்தது, இன்னும் பதினொரு நிமிடத்தில் இறங்கப்போகிறோம் என்று விமானி அறிவித்தார். அரைமணி கழித்து அதையே அறிவித்தார், மறுநாள் காலையிலும் அதையே அறிவித்தார்.

கீழே வருகைக் கூடத்தில் காத்திருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பலகையில் இறங்க 11 நிமிடம் என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. பதினொரு நிமிடத்துக்காக யார் எழுந்து வீட்டுக்குப் போவார்கள்? ஒரு வருடம் தாமதம் என்று போட்டிருந்தால் போயிருப்பார்கள், ஒரு நாள் என்று போட்டிருந்தாலும் கூட்டத்தில் பாதி கலைந்திருக்கும். பதினொரு நிமிடம் என்பது ஒரு தேநீர் குடிக்கும் நேரம், குழந்தைக்குச் சட்டை மாற்றும் நேரம் என்பதால், எல்லோரும் கொண்டுவந்த பூமாலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மாலைகள் வாடின, பிறகு காய்ந்தன, பிறகு கூட்டுகிறவள் வந்து கூட்டி அள்ளினாள். அப்போதும் பதினொரு நிமிடம்தான்.

தவமலரும் அப்படித்தான் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவளுக்கு ஐம்பத்தேழு வயது. விமானத்தில் அவளுடைய புருஷன் நித்தியானந்தனும் மகள் துஷ்யந்தியும் இருந்தார்கள். அவர்களை அவள் கடைசியாகப் பார்த்தது முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால், சங்குமுனைக் கரையில், ஊரே கிளம்பி ஓடிய நாளில். படகில் மூவருக்கும் இடமில்லை. மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நித்தி ஏறினான், நாளைக்குக் காலமை வருகிற படகில் வாறன் என்று இவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சொன்னாள், மறுநாள் காலை படகு வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு தரம் பாதை பூட்டு, ஒரு தரம் கடல் பூட்டு, ஒரு தரம் அவளுடைய தகப்பன் படுக்கையில், ஒரு தரம் அங்கே அகதி முகாமில் கையெழுத்துக் கிடைக்கவில்லை, ஒரு தரம் இங்கே கடவுச்சீட்டுக்குப் படம் சரியில்லை. ஒவ்வொன்றும் சின்னக் காரணம், ஒவ்வொன்றும் ஆறு மாதமோ ஒரு வருடமோ கொண்டுபோயிற்று. கடைசியில் எல்லாக் காரணமும் தீர்ந்து, தகப்பனும் மகளும் திருச்சியிலிருந்து ரயிலேறிச் சென்னைக்கு வந்து, விமானமும் ஏறிவிட்டார்கள். தவமலர் கூடத்தில் நாற்காலி தேடி உட்கார்ந்தாள். பதினொரு நிமிடம் அவளுக்குப் போதாதுபோல இருந்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவள் இன்னும் முடிவுசெய்யவில்லை.

முடிவுசெய்ய அவளுக்கு ஏழு வருடம் கிடைத்தது.

முதல் மாதம் அதிகாரிகள் வந்தார்கள், தொலைநோக்கியால் பார்த்தார்கள், விமானம் பாதையில்தான் இருக்கிறது, உயரமும் சரி, வேகமும் சரி, தாமதம் மட்டும்தான் என்று எழுதிவிட்டுப் போனார்கள். மற்ற விமானங்கள் வழக்கம்போல வந்தன, போயின. அதைத் தாண்டும்போது பயணிகள் சன்னலோரம் சாய்ந்து கையசைத்தார்கள், நின்ற விமானத்தில் இருந்தவர்களும் பதிலுக்குக் கையசைத்தார்கள். தெளிந்த காலைகளில் அது வடக்கு வானத்தில் குண்டூசித் தலையளவு பளபளத்தது. சங்குமுனை மீனவர்கள் அதைக் குறிவைத்து வலைபோடப் பழகினார்கள், பிளேனுக்கு இடப்பக்கம் நெத்தலி, வலப்பக்கம் பாரை என்று பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் திசை கேட்டால் பிளேன் இருக்கும் பக்கம் வடக்கு என்றார்கள். குடிசனக் கணக்கெடுக்க வந்தவர் விமானத்தில் இருப்பவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இருப்பிடம் என்ற கட்டத்தில் 'வழியில்' என்று எழுதிக்கொண்டார்.

விமானத்துக்குள்ளே தினமும் காலையில் தள்ளுவண்டியின் தட்டுகளில் ஆளுக்கொரு பணிசு ரொட்டியும் ஒரு மாம்பழச் சாறும் புதிதாக இருந்தன, யார் வைத்தது என்று பணிப்பெண்ணுக்கும் தெரியாது. தொலைபேசிகளின் மின்சாரமும் தீரவில்லை. அவர்கள் நரைத்தார்கள், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று முறையிட்டார்கள், முன்வரிசையும் பின்வரிசையும் சண்டை போட்டுச் சமாதானமாயின, இருபத்திரண்டாம் வரிசையில் ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கு நடைபாதை முழுக்கப் பதினெட்டு மீட்டர்தான் உலகம் என்பதால் அது ஓடப் பழகாமல் திரும்பப் பழகியது.

கூடத்திலும் வாழ்க்கை படிந்தது. ஒவ்வொரு பயணிக்கும் ஒரு ஆளாவது எந்நேரமும் கூடத்தில் இருக்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே வழக்கமாயிற்று. அண்ணன் வந்து தம்பியை மாற்றினான், மருமகள் வந்து மாமியாரை மாற்றினாள். ஒழுங்கு பார்த்தவர் அருமைத்துரை. நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், சேவையர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அவருடைய மனைவி கண் சத்திரசிகிச்சைக்குச் சென்னை போய் இந்த விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கச் சங்கிலி போட்டுத் தூரம் அளந்த மனுஷனுக்கு அளக்க முடியாத ஒரு தூரம் கண்முன்னே நின்றது பெரிய அவமானமாக இருந்தது. தினமும் காலை எட்டுக்கும் மாலை நாலுக்கும் பலகையைப் பார்த்து, பதினொன்று, என்று உரத்துச் சொல்வார். கூடம் முழுவதும் தலையாட்டும்.

மாறி நிற்க ஆளில்லாதவள் தவமலர் மட்டும்தான். வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் ஒரு புளியமரம் நின்றது, ஏழு வருடத்தில் அவள் அதைத் தாண்டிப் போனதில்லை. சாப்பாடு மற்றக் குடும்பங்கள் கொண்டுவந்து கொடுத்தன. மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உறங்கினாள். காய்ச்சல் வந்தபோது மருத்துவரைக் கூடத்துக்கே கூட்டிவந்தார்கள். ஒருமுறை புளியமரம் வரை போய் நின்றபோது, தெருவில் போன பஸ்ஸின் புழுதி முகத்தில் அடித்தது, அவளுக்கு அழுகை வந்துவிட்டது, அந்தப் புழுதி எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிறது என்பதற்காக.

நித்தி தினமும் மூன்று தரம் கூப்பிடுவான். அவன் கேட்பது ஒன்றைத்தான்: அங்கதானே நிக்கிறாய்? நிக்கிறன் என்பாள். போயிடாதை, இன்னும் பதினொரு நிமிசம்தான் என்பான். முதல் வருடம் அந்தச் சொல் அவளுக்குத் தேன். மூன்றாம் வருடம் அது சாப்பாட்டு மணிபோல ஆகிவிட்டது. ஐந்தாம் வருடத்தில் தொலைபேசியை அவள் நாலைந்து தரம் அடிக்கவிட்டு எடுத்தாள், அடிக்கவிட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மகளோடு பேசுவது வேறு விதம். துஷ்யந்தி திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்குத் தாயின் முகமே நினைவில்லை, தாய்க்கு மகளின் குரல் பழக்கமில்லை. மீன் குழம்பில் தேங்காய்ப்பால் விடுவதா வேண்டாமா என்பதில் தொடங்கி, எந்தப் பல்லில் சொத்தை, எந்தப் பாட்டுக் கேட்டால் எரிச்சல் என்பது வரைக்கும் ஏழு வருடத்தில் ஒருவரையொருவர் மெல்ல மெல்லக் கற்றார்கள். ஒன்றை மட்டும் மகள் மேலோட்டமாகச் சொல்லிக் கடந்துவிடுவாள். இரண்டு வாரப் பயணம்தானே என்று அவள் நாலு வயதுப் பிள்ளை இலக்கியாவைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். இலக்கியா எப்படி என்று தவமலர் கேட்பாள், நல்லாயிருக்கா அம்மா, அஞ்சாவது படிக்கிறா, என்பாள் மகள், பிறகு பேச்சு வேறெங்கோ போய்விடும்.

ஏழாம் வருடம் மாசி மாதத்தில் தவமலருக்கு ஒரு கடிதம் வந்தது. ஓடுபாதையின் கிழக்குப் பக்கத்தில், முள்வேலிக்குள் இத்தனை காலம் கிடந்த அவளுடைய காணியை விடுவிப்பதாகவும், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உரியவர் நேரில் வந்து எல்லையைக் காட்டி ஒப்பமிட வேண்டும் என்றும், இது மூன்றாவதும் கடைசியுமான அழைப்பு என்றும் அதில் எழுதியிருந்தது. கூடத்திலிருந்து காணி ஒன்றேகால் கிலோமீட்டர். சேவையரிடம் கேட்டாள். அரைமணிக்கு என்ன குறைந்துவிடப்போகிறது, நான் உமக்கும் சேர்த்து நிற்கிறேன் என்று அவரே அனுப்பிவைத்தார்.

அவள் புளியமரத்தைத் தாண்டினாள். ரோட்டில் இறங்கினாள். நடக்க நடக்கக் கால்களுக்குத் தூரம் பிடித்துப்போயிற்று, வேகம் கூடியது. காணி முழுக்க இலந்தையும் காரையும் ஆளுயரத்துக்கு அடைத்திருந்தன, வீடிருந்த இடத்தில் அடித்தளக் கல் நாலு தெரிந்தது. அதிகாரியின் ஆட்கள் வழி வெட்டிக் கொடுக்க உள்ளே போனவள் கிணற்றைக் கண்டாள். எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இருந்தது. அவள் தலை அதில் தெரிந்தது, நரைத்த தலை, பின்னால் வெறும் வானம். அந்தக் கணத்தில் அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. கிணற்றை இறைக்க எத்தனை வாளி வேண்டியிருக்கும் என்று மட்டும் யோசித்தாள்.

அதே கணத்தில் கூடத்துப் பலகையில் பதினொன்று பன்னிரண்டாக மாறியது.

அவள் திரும்பி வந்தபோது கூடம் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் வாசலில் கால் வைத்ததும் பலகை மறுபடி பதினொன்றுக்கு வந்தது, அதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அதோடு விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. விமானத்தை இந்தப் பக்கம் பிடித்து வைத்திருப்பது இவர்கள் காத்திருப்பு, ஒருத்தர் கைவிட்டால் அது ஒரு நிமிடம் பின்னால் போகும். ஏழு வருடப் பாடு ஒரு பெண்ணின் காணியாசையால் வீணாகப் பார்த்ததே என்றார்கள். பால் கொண்டுவந்து கொடுத்தவர்களே முகத்தைத் திருப்பினார்கள். சேவையர் வெள்ளைப் பூச்சு வாங்கிவரச் சொல்லி வாசலுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார், ஆள்மாற்றாமல் யாரும் அதைத் தாண்டக்கூடாது. தவமலர் கழிப்பறைக்குப் போனாலும் ஒருத்தி கூடவே போனாள்.

நித்தி கூப்பிட்டு நிறைய நேரம் ஏசினான். அவன் வைத்தபிறகு மகள் கூப்பிட்டாள். அப்பாவுக்குக் கேட்காமல் இருக்க விமானத்தின் பின்கோடிக்குப் போயிருந்தாள்போல, இரைச்சல் கூடுதலாக இருந்தது.

"அம்மா, காலையில நீங்க போனப்ப பிளேன் அசைஞ்சுச்சு. கையில ஜூஸ் வச்சிருந்தேன், குலுங்கிக் கொஞ்சம் சிந்திருச்சு. ஏழு வருஷத்துல முதல் தடவையா எல்லாரும் சீட்டைப் பிடிச்சுக்கிட்டோம்."

"பயந்துபோனியோ பிள்ளை?"

"இல்லம்மா." மகள் குரலைத் தாழ்த்தினாள். "பின்னாடி போகுதுன்னு தெரிஞ்சதும் சந்தோஷமா இருந்துச்சு. என்னை மன்னிச்சுருங்க. இலக்கியாவுக்குப் பதினோரு வயசு. அவ இப்பல்லாம் போன்ல எங்கிட்ட நீங்க வாங்கன்னு பேசறா. முன்னாடி நீ வான்னு சொல்லுவா."

தவமலர் போனை மடியில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடி இருந்தாள். மூன்று வயதில் தோளில் போனவள், தண்ணீரில் நின்றவளை அம்மா என்று கூப்பிட்டபடியே போனவள், அந்தக் குரல் அலையில் தேய்ந்து நின்றுபோன இடம் அவளுக்கு இன்னும் தெரியும். இப்போது அந்தக் குரலுக்குரியவளை அவள் பிள்ளையிடம் போகவிடாமல் நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன் என்று அவளுக்கு விளங்கியது. அன்பினால்தான், ஆனாலும் தன் கையால்தான்.

மறுநாள் காலையில் சேவையர் பதினொன்று என்று சொல்லித் தலைகள் ஆடி முடிந்ததும் அவள் எழுந்து நின்று பேசினாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். நாங்கள் எல்லாரும் போனால் அது வந்த இடத்துக்கே போய் இறங்கும், இறங்கினால் மனுசர் வெளியில் வருவார்கள், என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். யாரோ, இவளுக்குப் பைத்தியம் என்றார்கள். இன்னொருவர், பதினொரு நிமிடம் கிட்ட வந்ததை எழுபது நிமிடம் எட்டப் போகவிடுவதா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி என்றுதான் தவமலருக்கும் பட்டது.

எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் றொஷான் வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கல்யாணத்துக்கு வருகிற பெண்ணுக்காக மாப்பிள்ளை வேட்டியோடு வந்து உட்கார்ந்தவன் அவன், அப்போது இருபத்தெட்டு, இப்போது முப்பத்தைந்து. அந்தப் பெண் பிரசாந்தினியும் தானும் இரண்டு வருடமாகப் பேச விஷயமில்லாமல் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். நேற்று அவளிடம் துணிந்து கேட்டானாம், நான் போகட்டுமா என்று. அவள் அழுதாளாம், பிறகு தூங்கினாளாம், எழுந்து கூப்பிட்டு, நல்லாத் தூங்கினேன் என்று சொன்னாளாம். றொஷான் எழுந்தான், சேவையரைப் பார்த்துக் கும்பிட்டான், வெள்ளைக் கோட்டைத் தாண்டினான். பலகை பன்னிரண்டு என்றது. தெருவில் அவன் ஓடுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக, சில நாள் ஒருவர், சில நாள் ஒருவருமில்லை. போகிறவர்கள் முதலில் தொலைபேசியில் கேட்டார்கள், விமானத்தில் இருப்பவர் சம்மதம் சொன்னபிறகே போனார்கள், சிலருக்குச் சம்மதம் வாங்க ஒரு மாதம் ஆயிற்று. இருபத்திரண்டாம் வரிசைக் குழந்தையின் மாமன், பிள்ளைக்கு மண் எப்படியிருக்கும் என்று தெரியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கணக்குச் சரியாகவும் இருக்கவில்லை, கடைசி நாட்களில் ஒருவர் போனால் இரண்டு மூன்று நிமிடம் என்று கூடியது. மீனவர்கள் வந்து, குறி கலைகிறது, வலை பிழைக்கிறது என்று முறையிட்டார்கள். சனங்கள் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார்கள்.

புரட்டாதி மாதத்தில் கூடத்தில் இருவர் மிஞ்சினார்கள், சேவையரும் தவமலரும். பலகையில் அறுபத்து மூன்று.

சேவையர் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் தானாகவே பேசினார். மனைவியின் கண்கட்டை விமானத்திலேயே அவிழ்த்தார்களாம், அவர் முதலில் பார்த்தது முன்சீட்டின் முதுகாம், ஏழு வருடமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். "வாற வழியில நிக்கிற ஆளை நான் எப்பிடிப் போகச் சொல்லுறது?" என்று கேட்டார். கேட்ட குரலில் அதிகாரம் இல்லை. தவமலர், நீங்கள் சொல்ல வேண்டாம், அவவிட்டக் கேளுங்கோ என்றாள். அவர் கேட்டார். மனைவி என்ன சொன்னார் என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் வைத்து, மூக்கைத் துடைத்து, காலடியை எண்ணுகிறவர்போலக் குனிந்தபடி வெளியே நடந்தார். பலகை அறுபத்தாறுக்குப் போனது.

இனி அவள் ஒருத்தி. நித்தியைக் கூப்பிட்டாள். இந்த ஏழு வருடத்தில் அவளாக அவனைக் கூப்பிட்டது அன்றுதான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"நீ என்னை ரெண்டாந்தரமும் படகில ஏத்தி அனுப்புறாய், தவம்."

"ஓம்."

"அங்க போய் நான் என்ன செய்யிறது? முகாமில எங்கட வீட்டை வேற ஆக்களுக்குக் குடுத்திட்டாங்கள்."

"துஷிக்கு வீடு இருக்கு. பேத்தி இருக்கிறாள். நீங்கள் நடக்கோணும் நித்தி, ஏழு வருசமா நடக்கேல்லை."

நாளைக்கு வாறன் எண்டு அண்டைக்குச் சொன்னாய், என்றான் நித்தி.

"சொன்னன். அந்தச் சொல்லிலதான் நீங்களும் நானும் நாப்பது வருசமாக் கட்டுண்டு கிடக்கிறம். இந்தத் தரம் நான் ஒண்டும் சொல்லேல்லை. வர மனமிருந்தா நாள் சொல்லாமல் வாங்கோ. வாசலில ஒருத்தரும் நிக்க மாட்டினம்."

இரவல் வாங்கியிருந்த ஒரு கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு அவள் கூடத்தை விட்டு வெளியே வந்தாள். பலகை அறுபத்தெட்டுக்குப் போய் நின்றது. காணிக்கு வந்து சேர்ந்தும் அது அறுபத்தெட்டிலேயே நின்றது. சென்னையின் கடற்கரை தெரிகிறது, வீடுகளின் மொட்டைமாடியில் காயும் துணி தெரிகிறது, ஆனால் இறங்க மாட்டேன் என்கிறது என்று மகள் செய்தி அனுப்பினாள். தவமலருக்கு ஏன் என்று தெரிந்தது. கால் வந்துவிட்டது, மனம் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. எழுந்திரு என்று மனதுக்குச் சொன்னாள், கடவுளைக் கும்பிட்டாள், கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள்ளும் ஆட்கள் வாசலால் வந்துகொண்டிருந்தார்கள். வேறு வழி தெரியாமல் பற்றையை வெட்டத் தொடங்கினாள். மதியம் வரை வெட்டினாள். இலந்தைக் கிளை ஒன்று மடிந்து வந்து உள்ளங்கையில் ஆழமாக ஏறியது. வலி தலைக்கு ஏற, அவள் மண்ணில் உட்கார்ந்து, பல்லால் கடித்து முள்ளை இழுத்து, முனை முறிந்து உள்ளே நிற்க, சேலை ஊக்கைக் கழற்றி அதைக் கிளறி எடுக்கப் பார்த்தாள். உலகத்தில் அப்போது அவள் கையும் அந்த முள்முனையும் மட்டும்தான் இருந்தன. முனை வெளியே வந்தபோது சின்னதாக இரத்தம் வந்தது, அதை வாயில் வைத்து உறிஞ்சினாள், அப்போது போன் அடித்தது.

இறங்கிட்டோம்மா, என்றாள் மகள். கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்ததாம், எல்லோரும் படியிலேயே நின்று அதை வாங்கிக்கொண்டார்களாம். குழந்தை தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றதாம். அப்பா கடைசி வரை இருக்கைப் பட்டியைக் கழற்றவில்லை, பணிப்பெண் வந்து கழற்றிவிட்டாளாம். வெளியே நின்ற உயரமான ஒரு பெண்ணைத் தாண்டித் தான் இலக்கியாவைத் தேடினதாகவும், அந்த உயரமான பெண்தான் பின்னாலேயே வந்து புடவைத் தலைப்பைப் பிடித்ததாகவும் சொல்லி, அதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டாள். தவமலர் இரத்தம் நின்றுவிட்டதா என்று கையைப் பார்த்தாள். வடக்கு வானத்தில் ஒன்றுமில்லை. ஏழு வருடமாக அங்கே ஒன்று இருந்ததால், அந்த வெறுமை ஒரு ஓட்டைபோலத் தெரிந்தது.

கிணற்றை இறைத்தாள், தகரம் போட்ட ஒரு அறை கட்டினாள், கத்தரி வைத்தாள். விடுதலை ஆகிவிட்டவள் என்று ஊர் அவளைச் சொன்னது. ஆனால் அவளுக்குத் தெரியும், முன்பு காத்திருப்பது வேலையாக இருந்தது, இப்போது காத்திராமல் இருப்பது வேலை. இது அதைவிடக் கடினம். காணி ஓடுபாதைக்குப் பக்கத்தில். செவ்வாயும் வெள்ளியும் விமானம் தலைக்கு மேலே தாழ்ந்து வரும். அந்த நேரத்தில் அவள் நிமிர மாட்டாள். நிமிர்ந்தால் அது எங்கேயாவது நின்றுபோகும் என்று பயந்தாள். மகளோடு பேசும்போது, அப்பா எப்படி என்று கேட்பாள், எப்போ வருகிறார் என்று கேட்க மாட்டாள். சமைக்கும்போது ஒருத்திக்கு அளந்து போடுவாள். கை சில நேரம் தானாக இன்னொரு பிடி அரிசியை அள்ளும், அவள் அதைத் திரும்ப அரிசிப் பானைக்குள் கொட்டிவிட்டு விரல்களைத் தட்டிவிடுவாள், ஒரு மணிகூட ஒட்டியிருக்கக் கூடாது என்று.

தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, அவள் சோறு வடித்து இறக்கி, அந்தக் கஞ்சியைக் கத்தரிப் பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். விமானம் வந்தது, தாழ்ந்தது, சக்கரம் தரையில் உராய்கிற சத்தம் கேட்டது. அவள் பாத்தியைப் பார்த்தபடி மீதிக் கஞ்சியை ஊற்றினாள். பிறகு களை பிடுங்கினாள். பிறகு, கத்தரி இலையில் பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தாள். வேலிப் படலைக்கு வெளியே யாரோ நின்று மூச்சு வாங்குவது கேட்டபோதும் அவள் ஐந்தாறு இலை திருப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

ஒரு கிழவன் நின்றான். கையில் ஒரு துணிப்பை, காலில் புதுச் செருப்பு, குதிகால் இரண்டும் உரசிப் புண்ணாகியிருந்தன. விமான நிலையத்தில் கூட்டிப்போக ஒருவரும் இல்லாததால் வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்திருந்தான். முகத்தை அவள் படத்தில் பார்த்திருந்தாள், போனில் பார்த்திருந்தாள். ஆனால் தோள் இவ்வளவு இறங்கியிருக்கும் என்று நினைத்திருக்கவில்லை.

"வாசலில ஒருத்தரையும் காணேல்லை," என்றான்.

"ஓம், ஒருத்தரும் வரேல்லை."

அவன் கிணற்றைப் பார்த்தான், தகர அறையைப் பார்த்தான், அவளைப் பார்ப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். பிறகு, சோறு இருக்கோ, என்று கேட்டான்.

"ஒராளுக்குத்தான் கிடக்கு," என்று சொல்லி, தவமலர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படலையைத் திறந்தாள்.